உள்ளே அம்மா, வெளியே நாங்கள்

அம்மா விழுந்த சத்தத்தை வாளி உருண்ட சத்தம் என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டுக் கக்கூஸ் பின்பக்கம், துவைக்கிற கல்லை ஒட்டி, தகரக்கூரையோடு தனியாக நிற்கும். உள்ளே ஒரு வாளி, ஒரு கப், துண்டு மாட்ட ஓர் ஆணி. அதற்குமேல் இடம் கிடையாது. எது விழுந்தாலும் சத்தம் ஒரே மாதிரிதான் கேட்கும். போதாததற்குப் பக்கத்துத் தெரு விசைத்தறிகள் விடியுமுன்பே ஆரம்பித்துவிடும். சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காது பாதி அடைத்த மாதிரியே இருப்பது பழக்கம்தான்.

அப்பாதான் முதலில் தலையைத் தூக்கினார்.

"ஏளா, என்ன சத்தம்?"

பதில் இல்லை.

"ஏளா!"

எங்கள் அம்மா பள்ளிக்கூட டீச்சர். கேள்வி கேட்டால் பதில் வராமல் இருக்கிற ஆள் அவள் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடினோம். அப்பா மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவர். எந்தத் தாப்பாளும் எந்தத் திருகும் அவர் கைக்கு ஒரு நிமிஷ வேலை. அன்று சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர் நீட்டிக்கொண்டிருந்தது. அது அவருக்கு ஞாபகமே வரவில்லை. தோளால் இடித்தார். பிளாஸ்டிக் கதவு கீலோடு பிய்ந்து உள்பக்கம் சாய்ந்தது.

அம்மா சுவரோரமாகச் சரிந்து கிடந்தாள். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி. நெற்றியெல்லாம் வியர்வை. நான் "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், சாய்ந்த கதவைப் பார்த்தாள்.

"கதவ மூடுங்க" என்றாள்.

அதுதான் முதல் வார்த்தை.

கதவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ராயகிரிப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் அம்மா கணக்கு டீச்சர். பஸ்ஸில் ஏறினதும் டீச்சர், இறங்கினதும் டீச்சர். வீட்டுக்கு வந்தால் அம்மா. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் பெண்கள் ஐக்கியத்தில் அக்கா. (எங்களுக்குக் கோயில் என்றால் சர்ச்.) ஒரு நாளில் யாருமே அவளைக் கூப்பிடாத நேரம் என்று ஒன்று உண்டென்றால், அது அந்தத் தகரக்கூரைக்குக் கீழே, தாப்பாள் போட்ட பிறகு வருகிற கொஞ்ச நேரம்தான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வெளியே நின்று கதவைத் தட்டியிருக்கிறேன். "வீடே தீப்பிடிச்சாலும் இங்கன வந்து கூப்பிடாத" என்று உள்ளேயிருந்து குரல் வரும். பாத்திரம் கழுவும்போது பேசுவாள், துணி காயப்போடும்போது பேசுவாள், ஜெபம் பண்ணும்போதுகூட நடுவில் நிறுத்தி "அடுப்ப அணைச்சியா?" என்று கேட்பாள். அந்த இடத்தில் மட்டும் பேச மாட்டாள்.

இப்போது அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். இனி தாப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே போக அவளால் முடியுமா? போட்டுக்கொண்டு போனால் எங்களால் சும்மா இருக்க முடியுமா? அந்த லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்கள்) முழுக்க எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றாள். "என்னன்னு சொல்லுவ? எங்க விழுந்தேன்னு கேட்பாங்கள்லா?"

"மயங்கிட்டீங்கன்னு சொல்லுவோம்."

"எங்கன்னு கேட்பாங்கள்லா?"

அப்பா அன்று சாயங்காலமே ஒரு டானிக் பாட்டிலோடு வந்தார். ரத்தம் ஊறுகிற இரும்புச்சத்து டானிக். மருந்துக்கடையில் "வீட்டுக்காரிக்கு மயக்கம் வருது" என்றாராம், கொடுத்தார்களாம். எந்த இடத்தில் மயக்கம் என்பதை அவரும் அங்கே சொல்லவில்லை. காலை ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி என்று தானே ஊற்றிக் கொடுத்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவர், அம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மோந்து கொடுத்து நான் பார்த்ததில்லை. டானிக் மூடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நிற்பார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். அதைப் பார்ப்பதற்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் சும்மா இருக்கவில்லை. எம்.எஸ்சி இயற்பியல் முடித்துவிட்டு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் வெளியில் சொல்வது. ஒரு விஷயம் கையில் சிக்கிவிட்டால் புத்தகம் ஒருபக்கம் கிடக்கும், நான் ஒருபக்கம் கிடப்பேன். மலம் கழிக்கும்போது ஏன் மயக்கம் வருகிறது என்று போனில் தேட ஆரம்பித்தவள், சாப்பாட்டு நேரத்தில்தான் தலையை நிமிர்த்தினேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாம் அழுத்தக் கணக்கு!

"அப்பா, கேளுங்க. மூச்சப் பிடிச்சு முக்குதோம்லா, அப்போ நெஞ்சுக்குள்ள அழுத்தம் கூடுது. அழுத்தம் கூடினா ரத்தம் திரும்ப இருதயத்துக்கு வாரது கொறையுது. வாரது கொறஞ்சா மூளைக்குப் போறதும் கொறையும். இதுல வேகஸ்னு ஒரு நரம்பு. வயித்துக்கும் போகுது, இருதயத்துக்கும் போகுது. குடல்ல ரொம்ப இழுவை வந்தா அது இருதயத்தப் பாத்து, மெதுவா ஓடுன்னு சொல்லிருது. பிரஷர் டக்குனு எறங்கும். லைட் ஆஃப். கீழ விழுந்தப்புறம் தலையும் காலும் ஒரே மட்டத்துல வந்துருதா, ரத்தம் தானா மூளைக்கு வந்துரும். அதான் அம்மா ஒடனே முழிச்சிட்டாங்க!"

அப்பா கையில் உருட்டின சாதம் அப்படியே நின்றது.

"ஏட்டி, சோறு திங்கிற நேரம்."

"மிச்சத்த அப்புறமா சொல்லுதேன்."

"வேண்டாம்" என்றார்கள் இருவரும்.

மிச்சமும் கொஞ்சம் இருந்தது. தண்ணீர் குறைந்தாலும் இப்படி வரும். மலம் இறுகிப்போனால் வரும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வரும், அம்மா சாப்பிடுகிறவள். குந்தியிருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தாலும் வரும். இருதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலும் வரலாம், வயிற்றுக்குள் எங்காவது ரத்தம் கசிந்தாலும் வரலாம். கடைசி இரண்டையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. படுக்கப் போகும்போது எனக்கு அந்த இரண்டு மட்டும்தான் ஞாபகத்தில் நின்றது.

அப்பா புதுக் கதவு மாட்டினார். தாப்பாள் வைக்கக்கூடாது என்று நான் சொன்னேன். தாப்பாள் இல்லாத கதவுக்குள் நான் போக மாட்டேன் என்று அம்மா சொன்னாள். அப்பா தொழில்காரர் மாதிரி ஒரு சமரசம் கண்டுபிடித்தார். தாப்பாள் இருக்கட்டும், கூடவே கக்கூஸ் சுவரில், குந்தியிருந்தால் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு பெல் சுவிட்ச், அடுப்படியில் மணி. ஒரு ஞாயிறு மத்தியானம் முழுக்க வயர் இழுத்தார். வேலை முடிந்ததும் உள்ளே போய்த் தானே அழுத்திப் பார்த்தார். அடுப்படியில் மணிக்குள்ளிருந்து குருவி கூவியது. வெளியே வந்து எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"அப்பா" என்றேன். "மயங்கின ஆளு எப்படிப்பா சுவிட்ச அமுக்குவாங்க?"

அவர் திரும்பிச் சுவிட்சைப் பார்த்தார். "இது முந்தியே சொல்லப்படாதா?" என்றார்.

அம்மா சிரித்த சிரிப்பில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாவது தடவை அவள் விழுந்தது அதற்குப் பின் ஒரு வாரத்துக்குள்தான். இந்தத் தடவை அப்பா கதவை உடைக்கவில்லை. வெளியே இருந்து திருகினால் தாப்பாள் கழல்கிற மாதிரிதான் மாட்டியிருந்தார். ஆனால் அம்மாவின் நெற்றி குழாயில் பட்டிருந்தது. புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு போனார். தண்ணீர் ஊற்றுவதற்காக நான் உள்ளே நின்றேன். கீழே பார்த்தேன். தார் மாதிரி கறுப்பு.

கறுப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். நான்தான் படித்திருந்தேனே. கப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். ஆட்டோக்காரருக்கு இரண்டு தடவை போன் பண்ணிவிட்டேன். அம்மா மட்டும் நிதானமாக இருந்தாள். நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு, வேறு சேலை கட்டி, தோளில் பின் குத்தி, "முகத்துக்குக் கொஞ்சம் பவுடர் எடு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் சின்ன வயசு டாக்டர். கடையநல்லூர்க்காரர் என்று பேச்சுவாக்கில் அவரே சொன்னார். நெற்றிக்குத் தையல் போட்டுக்கொண்டே கேட்டார்.

"எங்க வச்சு விழுந்திய?"

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். அப்பா, "வீட்டுலதான் டாக்டர்" என்றார்.

"வீட்டுல எங்கன?"

"பின்னாடி."

"பின்னாடின்னா?"

என்னால் பொறுக்க முடியவில்லை. கக்கூஸ், முக்கல், தாப்பாள், முதல் தடவை, இரண்டாவது தடவை, கறுப்பு, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். அந்தத் தடம் சாயங்காலம்வரை இருந்தது.

டாக்டர் ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "கறுப்பான்னா எத்தன நாளா? டீச்சர், ஏதாவது சத்து மாத்திர, டானிக்னு எடுக்கியளா?"

அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. பையிலிருந்து டானிக் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதை வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். "ஒரு நேரம் தவறாம நான்தான் டாக்டர் குடுக்குதேன்."

"சரிதான்" என்றார் டாக்டர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணாச்சி, இரும்புச்சத்து சாப்பிட்டா கறுப்பாத்தான் போகும். இன்னொண்ணு, சில பேருக்கு நல்லா இறுக்கியும் விட்டுரும். ஏற்கெனவே இறுகிப்போய்க் கஷ்டப்படுத ஆளுக்கு நீங்க மேல சிமென்ட் ஊத்தியிருக்கிய."

அப்பா பாட்டிலை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த ஒரு வினாடியில் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்ல வராது. அம்மா அதைப் பார்த்தாள். "ருசியாத்தான் இருந்துச்சு" என்றாள். அந்த டானிக் துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கும். நான் நக்கிப் பார்த்திருக்கிறேன்.

டானிக்தான் காரணம் என்று டாக்டர் அதோடு விட்டுவிடவில்லை. ரத்தம் எடுத்துச் சோதித்தார், கசிவு உண்டா என்று பார்த்தார், இ.சி.ஜி. எடுத்தார். படுக்கவைத்து ஒரு தடவை, எழுந்து நிற்கவைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தார். நெஞ்சு வலி உண்டா, மூச்சுத் திணறுமா, விழுவதற்கு முன் நெஞ்சு படபடக்குமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அம்மா இல்லை என்றாள். இருதயம் நன்றாக இருந்தது, ரத்தமும் குறையவில்லை, கசிவும் இல்லை. எழுந்து நின்றபோது மட்டும் பிரஷர் சரசரவென்று இறங்கியது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பிய?"

அம்மா கணக்கு டீச்சர். ஆனாலும் இந்தக் கணக்குக்கு அவளிடம் விடை இல்லை. காலையில் ஒரு காப்பி. அப்புறம் பஸ். பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கென்று இருக்கிற கக்கூஸில் தண்ணீர் வராது, கதவைச் சாத்த முடியாது. அதனால் அங்கே எந்த டீச்சரும் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. வீட்டுக்கு வந்துதான் எல்லாம். இதெல்லாம் எப்போதும் உள்ளது. இப்போது லெந்து வேறு. காலைச் சாப்பாடும் கிடையாது, காப்பியும் கிடையாது. வெறும் வயிற்றில் பிரஷர் மாத்திரை மட்டும். வெளியிலோ பங்குனி வெயில்.

"உபவாசத்துல தண்ணி குடிக்கக்கூடாதா டீச்சர்?"

"குடிக்கலாம் டாக்டர்."

"பின்ன?"

"குடிச்சா... ஸ்கூல்ல போக இடம் இல்ல."

அந்த ஒரு வரியைச் சொல்ல அவளுக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரையின் அளவைக் குறைத்து நேரத்தையும் மாற்றி எழுதினார். தானாக எதையும் நிறுத்தக்கூடாது என்றார். தண்ணீர், கீரை, பழம். மூச்சைப் பிடித்து முக்கக்கூடாது, மூச்சை விட்டுக்கொண்டே இருக்கணும். எழும்போது அவசரப்படக்கூடாது. கண் இருட்டுகிற மாதிரி, காது அடைக்கிற மாதிரி, வியர்க்கிற மாதிரி வந்தால் வெட்கம் பார்க்காமல் அந்த இடத்திலேயே படுத்துவிட வேண்டும். காலை உயரத் தூக்கி வைக்க வேண்டும். நெஞ்சு வலியோ படபடப்போ வந்தால் உடனே இங்கே வர வேண்டும்.

"இப்போதைக்குத் தாப்பாள் போடாதீங்க."

"தாப்பாள் போடாமயா?"

"மண்டைய ஒடச்சிக்கிட்டு மானத்தோட இருந்து என்ன செய்யப் போறிய?"

அம்மா மருந்துச் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

எனக்கு நிஜமாகவே பயம் வந்தது அதற்கப்புறம்தான். அம்மா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். ராத்திரி இரண்டு இட்லி ஒன்றாயிற்று, ஒன்று பாதியாயிற்று. உபவாசம் என்றாள். ஈஸ்டர் முடிந்த பிறகும் பாதிதான். ஒருநாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"போறதுக்குப் பயந்துதான திங்காம இருக்கிய?"

"ஏட்டி, ஒனக்கு வேற படிப்பே இல்லையா?" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "கதவு தொறந்து கெடந்தா எனக்கு வரமாட்டேங்குது. மூடினா பயமா இருக்கு. நான் என்ன செய்ய?"

அப்பா முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நீ பாட்டுப் பாடு" என்றார் திடீரென்று. "பாடிக்கிட்டே இரு. பாட்டு நின்னா நாங்க வருவோம். இல்லன்னா வரமாட்டோம்."

என்ன ஒரு மூளை! குருவி மணியில் செய்த தப்பைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார். ஆபத்து வந்தால் சத்தம் வராது. சத்தம் நின்றால்தான் ஆபத்து.

"நல்லா இருக்கு. கீர்த்தனைய அங்கன உக்காந்து பாடவா? ஆண்டவர அதுக்குள்ள இழுக்காதீங்க."

"சரி, சினிமாப் பாட்டு."

"எனக்குச் சினிமாப் பாட்டு என்னைக்குத் தெரிஞ்சிது?"

கடைசியில் வாய்ப்பாடு என்று முடிவாயிற்று. எத்தனையாம் வாய்ப்பாடு என்பதிலும் அம்மாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. "பத்து வரைக்கும் தூக்கத்துலயே சொல்லுவேன். மயக்கத்துலயும் வந்து தொலைச்சா?" ஆகவே பதினேழு.

மறுநாள் காலை நானும் அப்பாவும் அடுப்படியில், மூச்சுக்கூட விடாமல். உள்ளேயிருந்து வகுப்புக்குரல் வந்தது. "ரெண்டு பதினேழு முப்பத்து நாலு. மூணு பதினேழு அம்பத்தொண்ணு." அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்தார், கூடவே சொல்லிப் பார்க்கிறார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேசிக்கொண்டே ஒருத்தர் மூச்சைப் பிடிக்க முடியாது! மூச்சைப் பிடிக்காவிட்டால் முக்கவும் முடியாது. டாக்டர் சொன்ன மருந்தும் இதுதான். நான் துள்ளிக் குதித்து அப்பாவிடம் இதைச் சொல்ல, அவர் என் வாயைப் பொத்தினார். "ஆறாவது வரல. பேசாத."

"ஆறு பதினேழு..." நின்றது.

நாங்கள் இருவரும் எழுந்துவிட்டோம்.

"நூத்தி ரெண்டு டீச்சரக்கா!" என்று மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா. வாசலில் மாடு, பின்னால் ஆடு, நடுவில் அவள் என்று எப்போதும் மதிலோரமாகத்தான் இருப்பாள். "மறந்து போச்சா?"

உள்ளே கப் வாளிக்குள் விழுகிற சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு. "மூச்சு வாங்குதேன்."

அன்று பூரா அம்மா வெளியே தலைகாட்டவில்லை. சாயங்காலம் அந்த அக்காவே ஒரு செம்பு மோரோடு வந்தாள். அம்மாவின் நெற்றித் தையல் தழும்பை உற்றுப் பார்த்தாள். எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"எனக்கும் அப்படி வரும் டீச்சரக்கா. ரெண்டு மட்டம் வந்துருக்கு. சொவரப் பிடிச்சிக்கிட்டு உக்காந்துருவேன். இத யாருகிட்டப் போய்ச் சொல்ல? எங்க வீட்டுல கேட்டா சிரிப்பாரு."

அம்மா மோர்ச் செம்பை வாங்கி வைத்துவிட்டு, டாக்டர் சொன்னது அவ்வளவையும் அவளுக்குச் சொன்னாள். ஒரு நாளும் வாயால் சொல்லாத வார்த்தைகளை எல்லாம், கரும்பலகையில் எழுதிப் போடுகிற மாதிரி, ஒவ்வொன்றாக. நீயும் போய் ஒரு தரம் பிரஷர் பாத்துரு என்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அதன்பிறகு பாதி இட்லி மறுபடி ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. பள்ளிக்கூடப் பையில் ஒரு தண்ணீர் பாட்டில் போக ஆரம்பித்தது. போகும்போது நிறைந்து போனது வரும்போது அநேகமாகக் காலியாக வந்தது. அங்கே எப்படிச் சமாளிக்கிறாள் என்று கேட்டேன். டீச்சர்கள் எல்லாருமாகப் பெரிய டீச்சரிடம் போய் நின்றார்களாம், இப்போது தண்ணீர் வருகிறதாம். யார் பேசினது என்று கேட்டதற்கு, "எல்லாருந்தான்" என்றாள்.

கோடை லீவில் ஒருநாள் காலை, உள்ளே கதவு சாத்துகிற சத்தத்தோடு இன்னொரு சின்னச் சத்தமும் கேட்டது. தாப்பாள். அப்பாவுக்கும் கேட்டது. என்னைப் பார்த்தார். வாய்ப்பாடு வந்தது, நன்றாகத்தான் வந்தது. பிறகு நின்றது.

மதிலுக்கு அந்தப் பக்கமும் சத்தமில்லை. அப்பா ஸ்குரூ டிரைவரை எடுத்துவிட்டார். நாங்கள் பின்வாசலுக்கு வரவும் தாப்பாள் உள்ளேயிருந்து திறந்தது. கதவு திறந்து அம்மா தவழ்ந்து வந்தாள். கையை ஊன்றி, முழங்காலை ஊன்றி, துவைக்கிற கல்லுக்குக் கீழே ஈரச் சிமென்ட் தரையில் மல்லாந்து படுத்தாள். குதிகாலைத் தூக்கிக் கல்லின்மேல் வைத்தாள். நைட்டியைக் கணுக்காலோடு இழுத்து ஒதுக்கிக்கொண்டாள். முகம் பழையபடி சுண்ணாம்பு. வியர்வை.

"தொடாத" என்றாள் என்னிடம். "கண்ணு இருட்டிச்சு. விழல. நானாத்தான் படுத்திருக்கேன்."

அப்பா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். துண்டால் விசிறினார். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் முகத்தில் ரத்தம் திரும்பி வருவதை நான் பார்த்தேன். உதட்டில் முதலில், பிறகு கன்னத்தில். போனில் படித்தது வேறு, இது வேறு.

கொஞ்சம் தெளிந்ததும் அப்பா எழுந்து கதவுப் பக்கம் போனார். தாப்பாளின் முதல் திருகில் ஸ்குரூ டிரைவரை வைத்தார்.

"அத விடுங்க" என்றாள் அம்மா, படுத்தபடியே.

"ஏளா..."

"நான்தான தொறந்தேன்? எனக்குத் தெரிஞ்சிது, தொறந்தேன், வந்தேன். விடுங்க."

அவர் திருகிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார்.

அம்மா ஒருக்களித்து உட்கார்ந்தாள். தண்ணீரை முழுக்கக் குடித்தாள். அவசரமில்லாமல் கல்லைப் பிடித்து எழுந்து, நின்று பார்த்தாள். தலை சுற்றவில்லை என்று எங்களுக்குத் தலையை ஆட்டிக் காட்டினாள்.

"இன்னும் முடியல" என்றாள். "ரெண்டு பேரும் உள்ள போங்க. காத நீட்டிக்கிட்டு நிக்காதீங்க. வாய்ப்பாடெல்லாம் சொல்ல முடியாது. எனக்கு வந்தா எனக்குத் தெரியும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாப்பாள் விழுந்தது.

நானும் அப்பாவும் வீட்டுக்குள் வந்தோம். எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அப்பா டி.வி.யைப் போட்டார். செய்தியோ விளம்பரமோ ஏதோ ஓடியது, அவர் பார்க்கவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். பிறகு இன்னும் கூட்டினார், பின்பக்கம் அவளுக்குக் கேட்கிற அளவுக்கு.